பார் மிட்ஸ்வா விருந்து

13 வயது நிறைந்த யூதச் சிறுவன் ஜெப ஆலயத்தில் முதன்முறையாக யூத வேதமான தோராவை வாசிக்க அழைக்கப்படுவதை ஒட்டிச் சபையாரும் உறவினரும் கூடி உண்ணும் சாப்பாடு பார் மிட்ஸ்வா விருந்து. வயதை எபிரேய நாட்காட்டிப்படி கணக்கிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு 12 வயதில் நடப்பது பாட் மிட்ஸ்வா. 1922இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லானுக்கு நடந்ததே அமெரிக்காவில் சபையறிய நடந்த முதல் பாட் மிட்ஸ்வா என்பார்கள்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் ஜெப ஆலயம் கிடையாது. இந்தியாவில் இவ்விருந்தைப் பார்க்க மும்பை, தானே பகுதியில் வாழும் பெனே இஸ்ரயேலர் என்ற யூதச் சமூகத்தாரிடம் போகலாம். தானேயின் ஆலயம் 1879இல் கட்டப்பட்டது. இவர்களின் முன்னோர் கொங்கண் கரையில் செக்காட்டியவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றார்கள். எண்ணெய் வணிகத்தில் பேர்போன விருதுநகர்க்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சேதி இது.

விருந்து ஏற்பாட்டில் முதல் கேள்வி பட்டியல் அல்ல, அடுப்பு. வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள். நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆசாரம் பார்ப்பவர்கள் தீப்பெட்டியைத் தொடவும் மாட்டார்கள், சிவகாசிச் சரவெடிக்கு வேலையே இல்லை. ஆகவே சனிக்கிழமை விருந்தென்றால் சமையல் வெள்ளியன்றே முடிய வேண்டும். கல்கத்தாவில் பாக்தாத் வழிவந்த யூதர்கள் இதற்கு ஹமீன் என்ற கோழிச் சோற்றை வைத்திருந்தார்கள். வெள்ளியன்றே அடுப்பேற்றினால் இரவு முழுக்கத் தணலில் வெந்து மறுநாள் சூடாக இறங்கும். தோரா வாசிப்பு திங்கள், வியாழன் காலையிலும் உண்டு. அந்நாட்களில் வைத்துக்கொண்டால் புதிதாகச் சமைக்கலாம், புகைப்படமும் எடுக்கலாம். சமையல்காரர் யாராக இருந்தாலும் அடுப்பைப் பற்றவைப்பது யூதர் கையாக இருக்க வேண்டும் என்பது மரபு.

அடுத்தது கோஷர் எனும் யூத உணவு விதி. இறைச்சியும் பாலும் ஒரே பந்தியில் சேராது. கறிக்குழம்பு வைத்தால் தயிர், மோர், நெய் எதுவும் கூடாது. தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது என்பதால் கடற்கரை யூதர்களுக்கு அது பெரிய கொடை. குழம்புக்கும் ஆயிற்று, இனிப்புக்கும் ஆயிற்று. துடுப்பும் செதிலும் உள்ள மீன் ஆகும். இறால், நண்டு, கெளுத்தி ஆகாது. கோழியோ ஆடோ, பயிற்சி பெற்ற யூதர் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே.

திராட்சைரசத்தின் மேல் ஆசி சொல்லித்தான் விருந்து தொடங்கும். பெனே இஸ்ரயேலர் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றையே இதற்கு வைப்பார்கள். நல்ல காரியங்களில் எலியா தீர்க்கதரிசியை நினைத்து அவர்கள் செய்யும் மலிதாவும் உண்டு: ஊறிய அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் பருப்புகளும் சேர்த்து, பழங்களோடு பரிமாறுவது. நம் பக்கத்துச் சமையல்காரர் ஒருவருக்கு இந்த விருந்து கைக்கு வந்தால் புதுப் பாத்திரம், திங்கள் அல்லது வியாழன், முழுச் சைவம் என்று ஒப்புக்கொள்வதே நல்லது. பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.