கோடையும் சபையும்: கறுப்பின பாப்டிஸ்ட் போதகர்களின் மேய்ப்புப் பணி நமக்குச் சொல்வது என்ன?

பள்ளிகள் மூடப்படும் கோடை வாரங்களில், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், யார் அவர்களுக்குச் சோறிடுகிறார்கள், யார் அவர்களுக்குக் கற்பிக்கிறார்கள் என்பவை சிறிய கேள்விகள் அல்ல. வசதியுள்ளோரின் பிள்ளைகளுக்குக் கோடை ஓய்வுக்காலம். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்கோ அது பெரும்பாலும் மதிய உணவு நின்றுபோகும் காலம், கற்றதை மறக்கும் காலம், சில வேளைகளில் பள்ளியை விட்டே விலகும் காலம். இக்கேள்விகளுக்கு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் தம் பாப்டிஸ்ட் சபைகளின் வழியாகக் கண்ட விடைகளை இக்கட்டுரையில் தொகுத்துக் காண்போம். அவ்விடைகளின் வலிமையையும் குறைகளையும் சேர்த்தே பார்ப்பது நம் நோக்கம்.

தன்னைத் தானே ஆளும் சபை

பாப்டிஸ்ட் மரபின் அடிப்படை விதி ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதில் பேராயர் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. போதகரை அழைப்பதும் நீக்குவதும் சபையாரின் முடிவு. கட்டடமும் காணிக்கையும் சபைக்கே உரியவை. உதவிக்காரர் எனப்படும் டீக்கன்களும் சபைக்குள்ளிருந்தே தெரிவு செய்யப்படுகின்றனர்.

அடிமைமுறையின் கீழும் அதன் பின்னர் வந்த இனஒதுக்கலின் கீழும் வாழ்ந்த மக்களுக்கு இவ்விதி வெறும் நிர்வாக ஏற்பாடாக இருக்கவில்லை. தென்கரோலினாவின் சில்வர் பிளஃப், ஜார்ஜியாவின் சவானா ஆகிய இடங்களில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கறுப்பின பாப்டிஸ்ட் சபைகள் தோன்றின. 1831ஆம் ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமைப் பிரசங்கியார் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதன்பின் கறுப்பினத்தவர் பிரசங்கிப்பதையும் எழுதப் படிக்கக் கற்பதையும் தடுக்கும் சட்டங்கள் கடுமையாயின. கறுப்பினப் போதகரின் சொல் எவ்வளவு அஞ்சப்பட்டது என்பதற்கு இச்சட்டங்களே சான்று.

வெள்ளையின பாப்டிஸ்டுகளின் வரலாறு வேறு. அடிமைகளை உடைமையாக வைத்திருப்போர் மிஷனரிகளாகலாமா என்ற சிக்கலில் வடக்கிலிருந்து பிரிந்து, 1845இல் தென்னக பாப்டிஸ்ட் மாநாடு உருவாயிற்று. அது அடிமைமுறைக்கும் இனவெறிக்கும் தான் அளித்த ஆதரவுக்காக மன்னிப்புக் கோரியது 1995இல்தான். கறுப்பினத்தவர் 1895இல் அட்லாண்டாவில் தமக்கெனத் தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டை அமைத்துக்கொண்டனர். ஒரே வேதநூல், ஒரே ஞானஸ்நானம். ஆயினும் ஒரே பந்தியில்லை. சாதிக்கொரு கல்லறையையும் சாதிக்கொரு திருச்சபை வரிசையையும் கண்ட நமக்கு இது புதிதன்று.

தென்னகத்தில் கறுப்பின ஆசிரியர் அரசின் சம்பளத்தையும், குத்தகை உழவர் பண்ணையாரின் தயவையும் நம்பி வாழ்ந்தனர். போதகருக்கோ தம் மக்களின் காணிக்கையே ஊதியம். எனவே வெள்ளையர் அவரை வேலையிலிருந்து நீக்க இயலாது. இந்தப் பொருளாதார விடுதலையே அவர் துணிந்து பேசுவதற்கான முதல் நிபந்தனை ஆயிற்று.

பருத்தி வகுத்த கோடை

தென்னகத்தின் கோடையை வகுத்தது பருத்தி. களையெடுப்பு முடிந்து, காய் வெடித்து அறுவடை தொடங்கும் முன் சில வாரங்கள் வயலில் வேலை குறையும். ஆகஸ்டை ஒட்டிய அந்த இடைவெளியிலேயே சபைகள் எழுப்புதல் கூட்டங்களை நடத்தின. ஒரு வாரம் இரவுதோறும் ஆராதனை நடக்கும். மனந்திரும்பக் காத்திருக்கும் சிறுவர் முன்வரிசைப் பலகையில் அமர்வர். வார முடிவில் ஆற்றிலோ குளத்திலோ மூழ்கு ஞானஸ்நானம் நடைபெறும். நகரங்களுக்குப் புலம்பெயர்ந்த உறவினர் அந்த வாரத்தில் ஊர் திரும்புவர். சபை முற்றத்தில் பொதுப்பந்தி நடக்கும். போதகர் நோயாளிகளைச் சந்திப்பார், பிணக்குகளைத் தீர்ப்பார், படிக்க விரும்பும் இளைஞருக்குப் பணம் திரட்டுவார். இவையனைத்தும் மேய்ப்புப் பணியின் பகுதிகளே.

மிசிசிப்பியின் டெல்டா பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியையும் பருத்தியே தீர்மானித்தது. பஞ்செடுக்கும் இலையுதிர் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு ஈடாகக் கடும் வெயில் காயும் கோடை மாதங்களில் வகுப்புகள் நடத்தப்பட்டன. பிள்ளைகளின் கல்வியைவிடப் பண்ணையாரின் அறுவடையே முதன்மை பெற்றது. கரும்பு வெட்டுக்கும் செங்கற்சூளைக்கும் குடும்பத்தோடு பெயரும் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொடக்கம்

இன்று தமிழகச் சபைகள் பலவற்றில் மே மாதம் நடைபெறும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் ஒரு பாப்டிஸ்ட் வேர் உண்டு. 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடையில் தெருவில் திரிந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக ஹாவ்ஸ் அம்மையார் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். எபிஃபனி பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த அவர் அதற்கு வாடகைக்கு எடுத்த இடம் ஒரு மதுக்கூடம். அம்முயற்சியை 1901 முதல் பாப்டிஸ்ட் ஊழியரான ராபர்ட் போவில் ஓர் இயக்கமாக விரித்தார். பாடலும் வேதக் கதையும் கைத்தொழிலும் விளையாட்டும் அதில் இணைந்திருந்தன. நகர்ப்புற வறுமைக்கான ஒரு விடையாகவே கோடைப் பள்ளி பிறந்தது. இன்று பல இடங்களில் அது மனப்பாடப் போட்டியாகச் சுருங்கியிருப்பதைக் காண்கையில் இந்தத் தொடக்கத்தை நினைவூட்ட வேண்டியுள்ளது.

போதகரின் பணி எதுவரை?

1944ஆம் ஆண்டுக் கோடையில் கல்லூரிக் கட்டணம் ஈட்டுவதற்காக அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி மாணவர்கள் கனெக்டிகட் மாநிலத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்றனர். அவர்களுள் 15 வயது மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். அங்கே உடன் உழைத்த மாணவர்களின் ஆராதனையை அவரே நடத்தினார். ஊழியத்துக்கான அழைப்பை உணர்ந்தது அந்தக் கோடையில்தான் என்று அவர் பின்னர் குறிப்பிட்டார். போதகரின் மகனான அவருக்கும் அந்த உணர்வு கூலி வேலைத்தளத்தில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1954 செப்டம்பரில், அலபாமாவின் மாண்ட்கோமரி நகரிலுள்ள டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையில் 25 வயதில் முழுநேரப் பணியைத் தொடங்கிய கிங், சபையின் முன் விரிவான செயல்திட்டம் ஒன்றை வைத்தார. உதவித்தொகைக் குழு, பண்பாட்டுக் குழு ஆகியவற்றோடு சமூக அரசியல் செயற்குழு ஒன்றையும் அதில் பரிந்துரைத்தார். சபையார் ஒவ்வொருவரும் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டும், கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும் என்று ஊக்குவிப்பது அக்குழுவின் பொறுப்பு. ஓராண்டுக்குச் சற்றுப் பின்னர் பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் தொடங்கியபோது, அந்நகரத்துச் சபைகள் அதன் கூட்டரங்குகளாக விளங்கியதற்கு இத்தகைய முன்தயாரிப்பும் ஒரு காரணம். போராட்டம் திடீரென முளைப்பதில்லை. குழுக்களும் பொறுப்பாளர்களும் நிதியும் முன்னரே இருந்தாக வேண்டும்.

1962, 1964: இரண்டு கோடைகள்

1962 ஆகஸ்டில் மிசிசிப்பியின் ரூல்வில் ஊரிலுள்ள வில்லியம்ஸ் சேப்பல் மிஷனரி பாப்டிஸ்ட் சபையில் ஒரு கூட்டம் நடந்தது. வாக்குரிமை குறித்து இளம் செயல்பாட்டாளர்கள் பேசியதை அங்கே கேட்டவர்களுள் பண்ணைத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமரும் ஒருவர். அம்மாத இறுதியில் அவர் மேலும் 17 பேருடன் வாக்காளராகப் பதிவு செய்ய இண்டியனோலா நகருக்குச் சென்றார். ஊர் திரும்பியதும், 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். சபைக்கும் தண்டனை காத்திருந்தது: கூட்டத்துக்கு இடம் அளித்ததற்காக அதன் வரிவிலக்கு பறிக்கப்பட்டது. 1964 ஜூனில் அதே கட்டடத்தின்மீது தீக்குண்டு வீசப்பட்டது.

1964ஆம் ஆண்டுக் கோடை ‘விடுதலைக் கோடை’ என அழைக்கப்படுகிறது. அப்போது மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. வாக்காளர் பதிவோடு விடுதலைப் பள்ளிகளையும் நடத்த வேண்டும் என்னும் திட்டத்தை மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைச் சார்ந்த சார்லஸ் காப் முன்வைத்திருந்தார். அக்கோடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட விடுதலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் பயின்றனர். எண்பது வயதைக் கடந்தவர்களும் சிறுவர்களோடு அமர்ந்து கற்றனர். கறுப்பின வரலாறு, குடிமக்களின் உரிமைகள், வாசிப்பு, கணிதம், நாடகம், செய்தித்தாள் வெளியிடல் ஆகியவை பாடங்கள். அரசுப் பள்ளியில் கேட்க அனுமதிக்கப்படாத கேள்விகளை இங்கே கேட்க முடிந்தது. வகுப்பறைகளாகப் பெரிதும் பயன்பட்டவை சபைக் கட்டடங்கள். ஹேட்டிஸ்பர்க் நகரில் பாப்டிஸ்ட் சபைகள் பல இப்பள்ளிகளுக்கு இடமளித்தன. ஆகஸ்டில் மாணவர் பேராளர்களின் மாநாடு மெரிடியன் நகரத்து பாப்டிஸ்ட் செமினரியில் கூடியது.

இதற்கான விலை கொடியது. லாங்டேல் என்னுமிடத்தில் விடுதலைப் பள்ளிக்கு இடம்தர முன்வந்த மெத்தடிஸ்ட் சபையொன்று ஜூன் 16ஆம் நாள் எரிக்கப்பட்டது. அதனைப் பார்வையிட்டுத் திரும்பிய ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வேர்னர் ஆகிய மூவரும் ஜூன் 21 இரவில் கொல்லப்பட்டனர். அக்கோடையில் மட்டும் மிசிசிப்பியில் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பினச் சபைகள் எரிக்கப்பட்டன அல்லது குண்டு வீசித் தகர்க்கப்பட்டன. ஏறத்தாழ 17,000 பேர் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றும் சுமார் 1,600 பேரின் விண்ணப்பங்களே ஏற்கப்பட்டன. எனினும், அக்கோடை எழுப்பிய நெருக்கடி 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்த காரணிகளுள் ஒன்று.

சபைக்குள்ளிருந்த சுவர்கள்

எல்லாச் சபைகளும் கதவைத் திறந்தன என்று எண்ணிவிடக் கூடாது. அச்சத்தால் மறுத்த போதகர்கள் ஏராளம். மெக்கோம்ப் நகரில் செயல்பாட்டாளர்கள் தங்கியிருந்த வீட்டின்மீது குண்டு வீசப்பட்டபின், விடுதலைப் பள்ளிக்கு இடம்தரச் சபைகள் தயங்கின. புல்வெளியில் வகுப்புகள் நடந்தன. அங்கு பயின்ற 16 வயது மாணவி ஒருவர், பெரியவர்களின் மௌனத்தைக் கேள்வி கேட்டு ஒரு கவிதை எழுதினார். அது ஊராரிடையே வாசிக்கப்பட்ட பின்னர் சபையின் கதவு திறந்தது. அங்கே மேய்ப்பரை வழிநடத்தியது மந்தையின் இளையவள்.

அமைப்பின் தலைமையிலும் பிளவு இருந்தது. தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டின் தலைவர் ஜே. எச். ஜாக்சன் நேரடிப் போராட்டங்களை எதிர்த்தார். அதனால் 1961இல் முற்போக்குத் தேசிய பாப்டிஸ்ட் மாநாடு தனியே பிரிந்தது.

பெண்களின் நிலை மேலும் கூர்மையான கேள்வி. ஞாயிறு பள்ளியையும் கோடைப் பள்ளியையும் சமையலையும் நிதிதிரட்டலையும் பெண்களே சுமந்தனர். பிரசங்க பீடம் ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டிலேயே நானி ஹெலன் பரோஸ் ரிச்மண்ட் நகரில் நடந்த மாநாட்டில், உதவ முன்வரும் பெண்கள் எவ்வாறு தடுக்கப்படுகின்றனர் என்று பேசினார். 1909இல் வாஷிங்டனில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியொன்றையும் நிறுவினார். பாப்டிஸ்ட் பெண்களின் மிஷன் சங்கச் சூழலில் வளர்ந்த எல்லா பேக்கர், ஒற்றைத் தலைவரைச் சுற்றி இயங்கும் போதகர் மாதிரியைத் தொடர்ந்து விமர்சித்தார். மக்கள் தம்மைத் தாமே வழிநடத்தக் கற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. விடுதலைப் பள்ளிகளின் கற்பிக்கும் முறையில் அவர் சிந்தனையின் தடத்தைக் காணலாம்.

நமக்கான இணைப்பு

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஓங்கோலில் 1876–78 பஞ்சத்தின்போது அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு எடுத்து, பட்டினியில் வாடிய மாதிகா மக்களுக்குக் கூலி வேலை அளித்தார். மாதிகா பிரசங்கிகள் அங்கே மேற்பார்வை செய்தனர். உதவிக்காக எவரும் மதம் மாறிவிடக் கூடாது என்பதற்காக ஓராண்டுக்கும் மேல் ஞானஸ்நானம் நிறுத்திவைக்கப்பட்டது. அது மீண்டும் தொடங்கியபோது, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். எண்ணிக்கை பெரிதாகப் பேசப்படுகிறது. மாதிகா பிரசங்கிகளின் உழைப்பு குறைவாகவே பேசப்படுகிறது.

1959இல் இந்தியா வந்த கிங், கேரளத்தில் தலித் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றுக்குச் சென்றார். அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், பின்னர் அது உண்மையே என உணர்ந்ததாகவும் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் ஆற்றிய பிரசங்கத்தில் அவர் கூறினார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நடைமுறை சார்ந்தவை. முதலாவது, இடம். சாதி ஆதிக்கத்தின் அனுமதி தேவைப்படாத ஒரு கூரை ஒவ்வொரு குடியிருப்புக்கும் வேண்டும். அது தேவாலயமாகவோ, புத்த விகாரையாகவோ, அம்பேத்கர் படிப்பகமாகவோ, இரவுப் பாடசாலையாகவோ இருக்கலாம். இரண்டாவது, பொறுப்பாளரின் ஊதியம். பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் ஆதிக்கச் சாதியாரின் தயவில் வாழ்ந்தால் அவர் சொல் அடங்கிப்போகும். மக்கள் சிறுகச் சிறுகத் திரட்டும் பணமே அவரை நிமிர வைக்கும். மூன்றாவது, பாடத்திட்டம். கோடை வகுப்பு பள்ளிப் பாடத்தின் நீட்டிப்பாக மட்டும் அமையாது, பிள்ளைகள் தம் வரலாற்றையும் உரிமைகளையும் அறியும் இடமாக வேண்டும். நான்காவது, தலைமை. உழைப்பைப் பெண்களிடமும் மேடையை ஆண்களிடமும் ஒப்படைக்கும் பழக்கத்தை நாமும் தொடர்ந்துகொண்டிருக்கிறோம்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதலைப் பள்ளிகளில் கற்பித்த தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் உங்கள் வயதினர். கிடைத்தவை சில வாரங்களே. விடுமுறைக்கு நீங்கள் திரும்பும் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு சமுதாயக் கூடமும், செய்வதறியாமல் நிழல் தேடும் பத்துப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.