229 முதல் 512 வரை

டியூபின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு நகத்தளவுதான். ஏபிஎல்1, மனிதன், 229–512 என்று மூன்றே குறிப்புகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய சொட்டு ஒன்று உறைந்து கிடப்பது தெரியும். பத்து மைக்ரோலிட்டர். அதிக நேரம் பிடித்திருக்கக் கூடாது, விரல் சூட்டிலேயே உருகத் தொடங்கிவிடும்.

லேபில் எல்லோரும் முதலில் பெயரைப் படிப்பார்கள். எனக்குக் கண் போவது அந்த எண்ணின் மேல். மனித உடலில் ஏபிஎல்1 சுமார் 1130 அமினோ அமிலங்கள் மணிபோல் கோத்த நீளமான புரதம். இந்த டியூபில் இருப்பது 229-ஆவது மணியிலிருந்து 512-ஆவது மணி வரை மட்டும். கால் பங்கு. தலையும் இல்லை, வாலும் இல்லை, வேலை செய்கிற நடுப்பகுதி மட்டும். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து வேறொரு புரதத்தின் டைரோசின் மேல் ஒட்டுவது அதன் வேலை. ஒட்டப்பட்ட புரதம் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் அடுத்ததைத் தூண்டுகிறது, கடைசியில் செல் பிரியலாம் என்ற முடிவு வரை போகிறது. இப்படிப் பாஸ்பேட் ஒட்டும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். மனிதனிடம் 500-க்கும் மேற்பட்டவை உண்டு. அவற்றில் இந்த ஒன்றின் பாதை என்னை விடுவதே இல்லை.

அது தொடங்கியது ஓர் எலியிடம். 1970-இல் ஹெர்பர்ட் ஏபெல்சன் என்ற அமெரிக்க மருத்துவர், ஸ்டீராய்டு கொடுத்த எலிகளுக்கு ஒரு ரத்தப்புற்று வைரஸைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எலிக்கு மட்டும் வழக்கத்தில் இல்லாத ஒரு கட்டி வந்தது. அந்தக் கட்டியிலிருந்து எடுத்த வைரஸ், எலியின் சொந்த மரபணு ஒன்றின் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. ஏபெல்சன் பெயரிலிருந்து எடுத்த மூன்று ஆங்கில எழுத்துகளே அந்த மரபணுவின் பெயராயின. டேவிட் பால்டிமோர் ஆய்வகத்தில் ஓவன் விட்டியும் மற்றவர்களும் 1980-இல் அது டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ் என்று காட்டினார்கள்.

இதே மரபணுவை நோக்கி வேறொரு பாதை மனிதர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும், நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்று நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஸ்லைடைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவியதால் செல்கள் உப்பி, குரோமோசோம்கள் விலகி நின்று, நோவலின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வைத்துப் பார்த்து, 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு தொலையவில்லை, 9-ஆம் குரோமோசோமின் நுனிக்குப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார். அங்கிருந்து பதிலுக்கு வந்த துண்டில்தான் ஏபிஎல் இருந்தது என்பது 1980-களில் தெளிவாயிற்று. வந்து சேர்ந்த இடத்தில் அதன் தலைப்பகுதி அறுந்து போய், பிசிஆர் என்ற வேறொரு புரதம் தலையாக ஒட்டிக்கொண்டது. தலை மாறிய கைனேஸ் நிறுத்தாமல் ஓடியது. வெள்ளணுக்கள் பெருகின.

இந்த நோயில் இயற்கை செய்ததும் ஒரு வெட்டுதான். அந்த வெட்டைப் புரிந்துகொள்ள மனிதர்கள் இன்னொரு வெட்டைப் போட்டார்கள்.

பாசல் நகரின் சீபா-கைகி நிறுவனத்தில் நிக் லைடன் குழு, எலி வைரஸில் இருந்த ஏபிஎல் துண்டை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்து சுத்தப்படுத்தியதை 1990-இல் வெளியிட்டது. வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் குழு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் செய்துகொடுத்தது. தொடக்கத்தில் அவர்கள் கையில் இருந்தது வேறொரு கைனேஸைத் தடுக்கும் மூலக்கூறு. அதன் ஓரிடத்தில் ஒரு மீதைல் குழுவைச் சேர்த்ததும் பழைய கைனேஸை அது விட்டுவிட்டது, ஏபிஎல்லைப் பிடித்தபடியே இருந்தது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அவ்வளவு சின்ன மாற்றம் எதை விடுகிறது, எதைப் பிடிக்கிறது என்று பார்க்க, கலப்படமில்லாத நொதி கையில் இருக்க வேண்டும். முழுச் செல்லைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தச் சந்தடியில் இது கேட்டிருக்காது. அப்படிக் கிடைத்த மூலக்கூறை, போர்ட்லண்டில் மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் 1998-இல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தின் பெயர் இமாட்டினிப்.

அந்த மருந்துக்குச் சென்னையில் ஒரு கோப்பு இருந்தது. 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பம், எண் 1602/எம்ஏஎஸ்/98. எம்ஏஎஸ் என்பது மெட்ராஸ். சீபா-கைகியும் சான்டோஸும் இணைந்து உருவான நோவார்ட்டிஸ், இமாட்டினிப் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு உரிமை கேட்டிருந்தது. புற்றுநோயாளிகளுக்கான ஒரு தொண்டு அமைப்பும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மறுத்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, பலன் கூடியிருந்தால்தான் உரிமை என்று சொல்லும் 3(டி) பிரிவு செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. நிறுவனத்தின் மாத்திரை மாதம் சுமார் 1,20,000 ரூபாய், இந்தியத் தயாரிப்பு சுமார் 8,000 ரூபாய் என்பது அன்று எல்லோர் வாயிலும் இருந்த கணக்கு. அந்த வித்தியாசத்துக்குள் எத்தனை குடும்பங்களின் நகையும் நிலமும் இருந்திருக்கும் என்று எண்ணாமல் என்னால் அந்தத் தீர்ப்பைப் படிக்க முடிந்ததில்லை.

என் டியூபுக்கு வருகிறேன். எலியின் துண்டு மருந்து தேடப் போதுமானதாக இருந்தது. மனித ஏபிஎல் துண்டை நிறைய, சுத்தமாக, பாக்டீரியாவில் செய்வது பெரும்பாடாகவே இருந்தது. டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் இந்த மனித நொதி உள்ளே வந்ததும் ஈ.கோலையின் புரதங்கள் மேலெல்லாம் ஒட்டத் தொடங்குகிறது, பாக்டீரியா நோய்ப்பட்டுப் போகிறது. வழி 2005-இல் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கி அமெரிக்கா போன ஜான் குரியனின் ஆய்வகத்தில், மார்க்குஸ் சீலிகர் குழு கைனேஸோடு சேர்த்து இன்னொரு நொதியையும் அதே பாக்டீரியாவுக்குள் செய்ய வைத்தது. அது யாப்-எச். பிளேக் கிருமியின் பேரினமான யெர்சினியா, நம் நோய் எதிர்ப்புச் செல்களை முடக்க வைத்திருக்கும் ஆயுதம் அது. டைரோசினில் ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்து எடுப்பது அதன் வேலை. ஒன்று எழுத எழுத மற்றொன்று ரப்பரால் அழித்துக்கொண்டே வரும். பாக்டீரியா பிழைத்தது, புரதமும் நிறையக் கிடைத்தது. கொள்ளைநோய்க் கிருமியின் கருவியைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட்ட அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பிறகு நடப்பது பொறுமையான வேலை. குறைந்த சூட்டில், 18 டிகிரியில், இரவு முழுக்கப் பாக்டீரியா வளர்கிறது. காலையில் அதை உடைத்து நிக்கல் ஏறிய பிசின் நிரப்பிய குழாய் வழியே விடுவோம். புரதத்தின் முனையில் கைப்பிடிபோல் கோத்துவிட்ட ஆறு ஹிஸ்டிடின்கள் நிக்கலைப் பிடித்துக்கொள்ள, மற்றதெல்லாம் ஓடிவிடும். அந்தக் கைப்பிடியை, புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதியைக் கொண்டு நறுக்குவோம். கடைசியில் கிளிசராலோடு சிறுசிறு பங்காகப் பிரித்து, நைட்ரஜன் திரவத்தில் முக்கி, -80 டிகிரியில் வைப்போம். பங்கு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் புரதம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செத்துப் போகும்.

நாங்களே செய்யத் தொடங்குவதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கோடையில் தெர்மோகோல் பெட்டி வழியில் எங்கோ ஒரு கிடங்கில் சில நாள் தங்கிவிட்டது. வந்ததும் ஆய்வு மாணவி டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தாள். "அக்கா, புகையே வரலை" என்றாள். டிரை ஐஸ் இருக்கும் பெட்டியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து மேசையில் இறங்க வேண்டும். உள்ளே கையை விட்டேன். தெர்மோகோல் அறையின் சூட்டில் இருந்தது. டியூப் இருந்தது, சொட்டும் இருந்தது, தண்ணீர்போல் தெளிவாக. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. அன்று மாலையே ஏடிபியையும், ஏபிஎல்டைடு என்ற குட்டிப் புரதத் துணுக்கையும் சேர்த்துச் சோதித்தோம். அளவீடு நொதியே போடாத குழியின் அளவை ஒட்டியே நின்றது. அவளுடைய மூன்று மாத வேலை அந்தச் சொட்டை நம்பி இருந்தது. அழாமல் நின்றாள், எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

நொதி உயிரோடு வந்து சேர்ந்தாலும் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சீட்டில் உள்ள எண் திரும்பத் திரும்ப எனக்கு நினைவூட்டுவது இதைத்தான். 2006-இல் ஜிஎன்எஃப்-2 என்ற ஒரு மூலக்கூறு, தலை மாறிய ஏபிஎல்லை நம்பி வாழும் செல்களை மட்டும் கொல்வதாகத் தெரிந்தது. ஆனால் தனித்த கைனேஸ் துண்டோடு கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. டியூபை மட்டும் கேட்டவர்கள் அதை ஒதுக்கியிருப்பார்கள். விடை அறுந்துபோன தலையில் இருந்தது. ஏபிஎல்லின் ஒரு வடிவத்தில் தலை நுனியில் மைரிஸ்டிக் அமிலம் ஒட்டியிருக்கும். ஜாதிக்காய்க் கொழுப்பிலிருந்து பெயர் பெற்ற, தேங்காய் எண்ணெயிலும் உள்ள அமிலம் அது. அந்த நுனி வளைந்து வந்து கைனேஸின் அடிப்பகுதியில் உள்ள ஒரு குழிக்குள் நுழைந்து, தாழ்ப்பாள்போல் நொதியைப் பூட்டும் என்று குரியன் ஆய்வகமும் ஜூலியோ சுபெர்டி-ஃபுர்கா குழுவும் 2003-இல் காட்டியிருந்தார்கள். பிசிஆரோடு ஒட்டியபோது தொலைந்தது இந்தத் தாழ்ப்பாள். ஜிஎன்எஃப்-2 அந்தக் காலிக் குழிக்குள் போய் உட்காருகிறது. பூட்டு முழுதாக விழ, நாம் வெட்டிப்போட்ட மற்றப் பகுதிகளும் வேண்டும்.

அதே குழியைப் பிடிக்கும் அசிமினிப் 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இமாட்டினிப் நுழையும் வாசலில், 315-ஆவது மணியான திரியோனின் ஐசோலூசினாக மாறி மருந்தை மறித்த நோயாளிகளுக்கும் அது வேலை செய்கிறது. அந்த 315 என் டியூபில் இருக்கிறது, குழியும் இருக்கிறது. தாழ்ப்பாள்தான் இல்லை.

ஆகவே இந்த ஆண்டு நீளமான துண்டைச் செய்துகொண்டிருக்கிறோம், தலையோடு. ஈ.கோலைக்கு மைரிஸ்டிக் அமிலத்தை ஒட்டத் தெரியாது. பூச்சிச் செல்லுக்குத் தெரியும். அந்தச் செல்கள் ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா என்ற அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுப் பருவத்துச் சூலகத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டவை. 2018-இல் நம் மக்காச்சோளக் கொல்லைகளின் குருத்தைத் தின்று தீர்த்த படைப்புழு அதுவேதான். மாணவியின் அப்பா பெரம்பலூர்ப் பக்கம் சோளம் போட்டிருந்தவர். குடுவைக்குள் இருப்பது எதனுடைய செல் என்று சொன்னபோது சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். 27 டிகிரியில், பால் கலந்த தண்ணீர்போல் வெளுத்து, அது குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு, ஏபிஎல் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸைச் சேர்த்தாள். மூன்றாம் நாள் அறுவடை.