வேலிக்காத்தான்: பிடுங்கணுமா, விடணுமா?

விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பஸ்ல போனா, ஜன்னலுக்கு வெளியே திரும்பத் திரும்ப ஒரே மரம்தான். சீமைக் கருவேலம், நம்ம பேச்சுல வேலிக்காத்தான். அது உங்க வீட்டுக் கொல்லையில தானா முளைச்சா பிடுங்கணுமா, விடணுமா?

முதல்ல அது எப்படி வந்ததுன்னு பார்ப்போம். "சீமை"ன்னு பேர்லயே இருக்கு. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1876-ல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம், வறண்ட நிலத்தில் நட இதன் விதை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய காலம் அது. மறு வருஷம் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். விறகுக்குத்தான்.

"காமராஜர் கொண்டுவந்த மரம்"னு அவர் ஊர்லயே சொல்லுவாங்க. அவர் பிறந்தது 1903-ல். மரம் வந்து 26 வருஷம் கழிச்சு!

மழை பொய்த்த இந்தப் பூமியில் 1920-களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது, பிறகு பட்டாசு. மானாவாரிக் காட்டை நம்பியிருந்த கிராமங்களுக்குக் கைகொடுத்தது வேலிக்காத்தான். விறகை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டு எடுக்கும் கரி மூட்டம் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது.

ஆனா அதே மரம் கண்மாய், வரத்துக் கால்வாய் எல்லாத்தையும் அடைச்சது. நாட்டுக் கருவேலம் நின்ற இடத்தையும் பிடிச்சது. ஆடு மாடு நெத்தைத் தின்னும். சாணத்தோட விதை ஊரெல்லாம் போகும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. அதே வருஷம் ஏப்ரலில் சென்னையில் இடைக்காலத் தடை, பிறகு தடை நீக்கம். நீதிமன்றத்துக்கே லேசில் முடிவு கிடைக்கலை.

கொல்லையில் முடிவு சுலபம். கன்னா இருக்கும்போதே, மழை பெஞ்சு மண் இளகின அன்னைக்கு வேரோட பிடுங்குங்க. வெட்டி மட்டும் விட்டா அடியிலிருந்து புதராத் துளிர்க்கும். பக்கத்துல நிக்கிற தும்பையையும் ஆவாரையையும் விட்டுடுங்க. அதுங்க இந்த மண்ணோட பிள்ளைங்க.

கண்மாய் கதை வேற. அங்கேயும் மரம் போகத்தான் வேணும்னு நான் நினைக்கிறேன். ஆனா மூட்டம் போட்டுப் பிழைக்கிறவங்க மறுநாள் எந்த வேலைக்குப் போவாங்கன்னு முதல்ல கேட்கணும். உங்க ஊர்ல என்ன செஞ்சாங்க? எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.