வாக்குச்சாவடி மதிப்பூதியமும் பட்டியலில் இல்லாதவர்களும்

வாக்குச்சாவடியில் பணியாற்றும் அரசு ஊழியருக்கு வழங்கப்படுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 26-ஆம் பிரிவின்படி மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்களை நியமிக்கிறார். மாத ஊதியம் அவரவர் துறையிலிருந்தே தொடரும். மக்களவைத் தேர்தல் செலவை ஒன்றிய அரசும், சட்டமன்றத் தேர்தல் செலவை மாநில அரசும் ஏற்கின்றன.

2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் இத்தொகைகளை உயர்த்தியது. நாளொன்றுக்கு, வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கு 350 ரூபாயாக இருந்தது 500 ஆனது. வாக்குப்பதிவு அலுவலருக்கு 250 என்பது 400 ஆனது. நான்காம் நிலை ஊழியருக்கு 200 என்பது 350 ஆனது. உணவுக்கான தொகை 150-இலிருந்து 500 ஆயிற்று. நான்காம் நிலை ஊழியரின் மதிப்பூதியத்தைவிட உணவுப் பொட்டலத்தின் மதிப்பு உயர்ந்துவிட்டது!

அந்தப் பொட்டலம்கூட எட்டாதோர் உளர். வாக்குச்சாவடியாகும் பள்ளியின் கழிப்பறையை முதல் நாளும் மறுநாளும் கழுவும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் நம் மக்கள், பல இடங்களில் நியமன ஆணைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். ஆணை இல்லையேல் மதிப்பூதியமும் இல்லை. ஒப்பந்ததாரர் தரும் நாட்கூலியே கதி.

ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் (1982), குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகத் தந்து பெறும் உழைப்பு, அரசமைப்பின் 23-ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்ததாரரைக் கைகாட்டி அரசு தன் கடமையிலிருந்து விலக இயலாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. தேர்தல் நாள் இதற்கு விலக்கன்று.

தூய்மைப் பணிக்கு எவருக்கு, எவ்வளவு, யார் வழியாக வழங்கப்பட்டது என்பதை வாக்குச்சாவடிவாரியாக மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கேட்கும் முன், பணியாற்றியோரின் பெயரையும் நேரத்தையும் நாமே குறித்துவைத்தல் நன்று.