மேட்ச் பார்க்க மூணு வருஷப் படிப்பா?

"மேட்ச் பார்க்கிறதுக்கு மூணு வருஷப் படிப்பா? அதுக்கு ஃபீஸ் வேறயா?"

பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இதழியல் படிக்கப்போவதாக மகள் சொன்ன வாரத்தில், மதுரையிலிருந்து அப்பா தொலைபேசியில் கேட்டது இது. நான் அவ்வளவு வெளிப்படையாகக் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துக்கோ, இதைப் பக்கத்தில் எழுதிக்கிட்டே இருக்கலாமே" என்று நயமாகச் சொன்னேன். கேள்வி ஒன்றுதான். அப்பா அதை நேர்மையாகக் கேட்டார், அவ்வளவே.

முதுகலை படிக்க மான்செஸ்டருக்கு வந்து, படிப்பு முடிந்ததும் மென்பொருள் ஆலோசகராக இங்கேயே ஒட்டிக்கொண்டவன் நான். இந்த ஊரில் ஓல்ட் ட்ராஃபோர்டு என்ற பெயரில் இரண்டு மைதானங்கள் உண்டு. ஒன்று கிரிக்கெட்டுக்கு, மற்றது கால்பந்துக்கு. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். அந்த மைதானங்களில் உட்கார்ந்து எழுதியவர்களைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது ஆர்வத்தால் அல்ல. மகளை மறுத்துப் பேச ஆதாரம் வேண்டியிருந்தது.

முதலில் கிடைத்ததெல்லாம் என் பக்கமே சாய்ந்தது. நெவில் கார்டஸ், கிரிக்கெட் எழுத்தை இலக்கியமாக்கியவர் என்று ஆங்கிலேயர் கொண்டாடும் மனிதர், மான்செஸ்டரின் ஏழைத் தெருவொன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். நகரத்தின் இலவச நூலகங்களே அவருக்குப் பல்கலைக்கழகம். 1917இல் மான்செஸ்டர் கார்டியனில் சேர்ந்தார். 1919இல் உடல்நலம் குன்றித் தேறிவந்தபோது, நல்ல காற்று வாங்கலாம் என்று ஆசிரியர் குழுவில் மூத்தவர் ஒருவர் அவரைக் கிரிக்கெட் பார்க்க அனுப்பினார். அப்படிப் போனவர் 1967இல் 'சர்' பட்டம் பெற்றார். ஜான் ஆர்லட் கதையும் இதே மாதிரிதான். போலீஸ்காரராக இருந்து பி.பி.சி.க்கு வந்தவர். 1946இல் இந்திய அணி இங்கே ஆடிய ஆட்டங்களில்தான் அவருடைய கிரிக்கெட் வர்ணனை தொடங்கியது. 1980 வரை அந்தக் குரல் ஓயவில்லை.

"பார்த்தாயா, யாரும் இதற்கென்று கல்லூரிக்குப் போகவில்லை" என்று மகளிடம் சொன்னேன். "அவங்க என்ன எழுதினாங்கன்னு படிச்சீங்களா அப்பா?" என்று கேட்டாள். படிக்கவில்லை. அதன் பிறகுதான் படித்தேன்.

1932இல் டிரினிடாடிலிருந்து கப்பலேறி வந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், லங்காஷயரின் நெல்சன் என்ற சிற்றூரில், அங்கே லீக் ஆட்டக்காரராக இருந்த தன் நண்பர் லியரி கான்ஸ்டன்டைன் வீட்டில் தங்கினார். அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்த கார்டஸ், அவரை மான்செஸ்டர் கார்டியனுக்குக் கிரிக்கெட் எழுத வைத்தார். பகலில் கிரிக்கெட், மிச்ச நேரத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் தன்னாட்சிக்கான வாதங்கள். இரண்டும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து டிரினிடாடில் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோது, ஃபிராங்க் வொரல்தான் மேற்கிந்திய அணியின் தலைவராக வேண்டும் என்று விடாமல் எழுதினார். அதுவரை அந்த இடம் ஏறக்குறைய வெள்ளையருக்கே எழுதிவைத்ததுபோல் இருந்தது. 1960இல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட அணிக்கு வொரல் தலைவரானார். ஒரு முழுத் தொடருக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பின மேற்கிந்தியர் அவர். நான் முதுகலை படித்த அதே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எனக்கு முன்னே படித்தவர் என்பதை இந்தத் தேடலில்தான் அறிந்தேன்.

அதே 1960இல் இன்னொன்றும் நடந்தது. கேப் டவுனில் பேசில் டி'ஒலிவேரா என்ற ஆட்டக்காரர் இருந்தார். நிறவெறிச் சட்டப்படி அவர் வெள்ளையர் அல்லர். எவ்வளவு திறமை இருந்தாலும் தன் நாட்டுக்கு ஆட முடியாது. வானொலியில் கேட்ட குரலை நம்பி அவர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆர்லட்டும் மான்செஸ்டர் ஈவ்னிங் நியூஸ் கிரிக்கெட் எழுத்தாளர் ஜான் கேயும் சேர்ந்து, மான்செஸ்டருக்கு அருகே உள்ள மிடில்டன் சங்கத்தில் அவருக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். பின்னர் அவர் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். 1968இல் அவரைச் சேர்த்த அணியை ஏற்கத் தென்னாப்பிரிக்கா மறுத்தது; பயணம் ரத்தானது. அந்நாட்டின் நீண்ட விளையாட்டுத் தனிமைக்கு அது ஒரு முக்கியத் தொடக்கம். இரண்டு விளையாட்டுச் செய்தியாளர்கள் ஒரு கடிதத்தைக் குப்பைக்கூடையில் போடாமல் இருந்ததில் ஆரம்பித்தது அது.

ஆர்லட் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்திருக்கக்கூடும் என்பது இந்தக் கதையின் இன்னொரு முகம். அப்போது அவர் மான்செஸ்டர் கார்டியனுக்குக் கால்பந்தும் எழுதிக்கொண்டிருந்தார். 1958 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணியுடன் பெல்கிரேடுக்குப் போக வேண்டியவர் அவர். கடைசியில் மூத்தவரான டானி டேவிஸ் போனார். திரும்பும் வழியில், 6ஆம் தேதி, மியூனிக் ஓடுபாதையின் பனிச்சேற்றில், மூன்றாவது முறை மேலெழ முயன்றபோது விமானம் நொறுங்கியது. இறந்த 23 பேரில் 8 பேர் ஆட்டக்காரர்கள். அவர்களை உலகமே அறியும். விளையாட்டுச் செய்தியாளர்களும் 8 பேர். டேவிஸ் அவர்களில் ஒருவர். இங்கிலாந்தின் கோல்காவலராக இருந்து பின்பு எழுத வந்த ஃபிராங்க் ஸ்விஃப்ட் இன்னொருவர். டெய்லி எக்ஸ்பிரஸின் ஹென்றி ரோஸ் இறுதி ஊர்வலத்துக்கு நகரத்து டாக்சி ஓட்டுநர்கள் காசு வாங்காமல் வண்டி ஓட்டினார்கள். ஓர் ஊர் தன் செய்தியாளர்களை அப்படிச் சொந்தம் கொண்டாடியிருக்கிறது.

இதையெல்லாம் படித்தபின் தொழிலின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஆனாலும் படிப்பு எதற்கு என்ற கேள்வி நின்றது. அதற்கு விடை கிடைத்த இடங்கள் இரண்டு.

ஒன்று, கார்டஸ். அவர் கட்டுரைகளில் ஆட்டக்காரர்கள் பேசும் அருமையான வசனங்களில் பல, அவர்கள் பேசாதவை. அவர் எழுதிக் கொடுத்தவை. அதை அவரே பின்னாளில் மறைக்கவில்லை. அந்த மனிதர் பேசியிருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார் என்பது அவர் வாதம். இலக்கியமாக எனக்கு அது பிடிக்கிறது. செய்தியாக அது பொய்.

இரண்டு, ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் ஆடிய அரையிறுதி. ரசிகர்கள் கம்பிவேலிக்குள் நெருக்குண்டு இறந்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை இறுதியில் 97. கோல் கணக்கு எழுத வந்தவர்கள் கண்ணெதிரே சாவைப் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ், போலீஸ் தரப்பு சொன்னதை வாங்கி, ரசிகர்கள் இறந்தவர்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. தலைப்பு, 'உண்மை'. அது பொய் என்பதைச் சுயாதீனக் குழுவொன்று தெளிவாக நிறுவ 2012 ஆனது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணையின் நடுவர் குழு சொல்ல 2016 ஆனது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் இருபத்தேழு வருடம் அந்தத் தலைப்போடு வாழ்ந்தார்கள். லிவர்பூலில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைத் தொடுவதில்லை.

இதழியலைப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது பழைய விஷயம்தான். அமெரிக்காவின் மிசௌரியில் 1908இலேயே தனிப் பள்ளி வந்துவிட்டது. பிரிட்டனில் நெடுங்காலம் உள்ளூர்ப் பத்திரிகையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்பதே வழி. செய்தியாளர் பயிற்சிக்கான தேசிய மன்றம் 1951இல் அமைந்தது. கார்டிஃபில் முதுகலைப் படிப்பு 1970இல் தொடங்கியது. விளையாட்டுக்கென்று தனிப் பட்டம் அதற்கும் வெகு பின்னால் வந்தது. அதற்குள் எடுபிடியாகச் சேர்த்துக்கொள்ளும் உள்ளூர்ப் பத்திரிகைகளே அருகிவிட்டன.

மகளின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். அவதூறுச் சட்டம், நீதிமன்ற அவமதிப்பு, நிமிடத்துக்கு நூறு சொல் வேகத்தில் சுருக்கெழுத்து. மேட்ச் பார்ப்பது அதில் சின்னப் பகுதி. மீதியெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தது: இதை யார் சொன்னது, உனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் சுருக்கெழுத்துப் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று அவள் தாத்தாவைத் தொலைபேசியில் பிடித்தாள். அப்பாவுக்கு ஒரே ஒரு கதைதான். 1975 ஜனவரி, சேப்பாக்கம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுக்கிறார். ஒருபக்கம் எல்லாரும் போய்க்கொண்டிருக்க விஸ்வநாத் மட்டும் நிற்கிறார். சந்திரசேகர் ஆட்டமிழக்க, 190க்கு எல்லாம் முடிகிறது. விஸ்வநாத் 97, ஆட்டமிழக்காமல். அந்த ஸ்கொயர் கட்டைச் சொல்லும்போது அப்பாவின் கை காற்றில் போகும். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அவள் எழுதி முடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, இதை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இல்ல பாப்பா. ரேடியோலதான் கேட்டேன். டிக்கெட்டுக்கும் மெட்ராஸ் பஸ்ஸுக்கும் அப்ப ஏது காசு?"

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் நான் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.