மழை விடுமுறையும் சனிக்கிழமைப் பள்ளியும்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் அரையாண்டுத் தேர்வுக்கான பாடங்களையும் முடித்தாக வேண்டும். மழை வலுத்தால் விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். விட்ட நாளை ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்டுவது நெடுநாள் வழக்கம். தேர்த் திருவிழாவுக்கு விடும் உள்ளூர் விடுமுறைக்கும் இதே முறைதான். வியாழக்கிழமை விடுமுறை என்றால், அந்தச் சனிக்கிழமையில் வியாழக்கிழமைப் பாடவேளைகள் நடக்கும். பிள்ளைகள் வருகை சற்றுக் குறைவாகத்தான் இருக்கும் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வேலைநாளுக்கு ஒரு கீழ் எல்லை வகுத்தது: 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம், 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி நேரம். நாள் கணக்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மணிக்கணக்கை யாரும் பேசுவதில்லை.

ஓரிரு நாள் மழைக்குப் போதுமான சனிக்கிழமை ஏற்பாடு 2015 வெள்ளத்தில் திணறியது. சென்னையிலும் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. மழை விட்ட பின்னும் பல பள்ளிக் கட்டடங்களில் நிவாரண முகாம்கள் இருந்தன. பாடப்புத்தகங்களை வெள்ளத்தில் பறிகொடுத்தவர்களுக்குப் புதிதாக வழங்க வேண்டியிருந்தது. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பொதுத்தேர்வோ வழக்கம்போல் மார்ச்சில் தொடங்கியது. இழந்த நாட்களின் சுமை பெரும்பாலும் திருப்புதலுக்கென்று இருந்த வாரங்களின் தலையில் விழுந்தது.

2020 மார்ச்சில் கொரோனா மூடிய பள்ளிகளுக்கு எத்தனை சனிக்கிழமைகளும் போதா. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி, அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள் குறைத்த பாடத்திட்டத்துடன் திறந்தன. 1 முதல் 8 வரை படித்தவர்கள் நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை வேளையில் ஒன்றரை மணி நேரம் வரை குடியிருப்புகளிலேயே கற்பித்தனர். அது வேலைநாள் கணக்கில் சேராது. ஆனால் நாள் கணக்கை விட்டுவிட்டு, விட்டுப்போன பாடத்தைக் கையில் எடுத்த ஏற்பாடு அதுதான்.

பிறகு பழைய முறையே திரும்பியது. 2023இல் வெயிலால் பள்ளித் திறப்பு ஜூன் 12க்கும், தொடக்க வகுப்புகளுக்கு 14க்கும் தள்ளிப்போனபோது சனிக்கிழமை வகுப்புகளே தீர்வாகச் சொல்லப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி வெள்ளத்தாலும், 2024இல் ஃபெஞ்சல் புயலாலும் பாதிக்கப்பட்ட பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு மறுபடியும் ஜனவரிக்குப் போனது.