பனி என்று சொல்லிக்கொடுத்தேன்



மார்கழிக் காலையில் மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் மங்கலாகத் தெரியும். பனி என்றே வகுப்பில் சொல்லிவந்தேன்.

1999 தொடக்கத்தில் மாலத்தீவிலிருந்து சி-130 ஆய்வு விமானம் பறந்து, இந்தியப் பெருங்கடல் மேலுள்ள காற்றை அளந்தது. இண்டோயெக்ஸ் என்று பெயர். நடத்தியவர்களில் ஒருவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதன். கண்டது, கரி கலந்த பழுப்புப் புகைமூட்டம்.

2002-இல் ஐ.நா. அறிக்கை அதை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்றதும் இங்கே கோபம். (எனக்கும்தான்!) ஆனால் அளவுகளை இந்தியா உட்படப் பல நாட்டவர் சேர்ந்து எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். அதனால் பெங்களூரின் ஜே. சீனிவாசனும் சுலோச்சனா காட்கிலும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில், அது ஆண்டு முழுதும் நிற்பதல்ல என்று ஆதாரத்தோடு மறுத்து எழுதினார்கள். பிறகு பெயரில் 'ஆசிய' போய் 'வளிமண்டல' வந்தது.

புகை இருந்தது உண்மை. அதில் விறகடுப்புப் புகையும் சேர்த்தி. என் அம்மா ஊதாங்குழலோடு கண் கலங்க உட்கார்ந்திருந்த அடுப்படியும் அதில் உண்டு. பழைய மாணவர்கள் நோட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்: பனியும் புகையும்.